பேக்பேக்கர்: ஒரு சொல் சுமக்கும் மூட்டை

'பேக்பேக்கர்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் பெயர்த்தால் 'முதுகில் மூட்டை சுமப்பவர்' என்று வரும். நம் ஊரில் அப்படிச் சொன்னால், கேட்பவருக்கு உடனே நினைவுக்கு வருவது ரயில் நிலையத்துப் போர்ட்டர் அல்லது மார்க்கெட்டில் அரிசி மூட்டை இறக்கும் தொழிலாளிதான். மூட்டை என்றாலே நமக்கு உழைப்பு.

ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் தோன்றும் படமே வேறு. இருபது, இருபத்தைந்து வயது. முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பை. பையில் பணம் குறைவு, கையில் நேரம் அதிகம். மலிவான விடுதி, ரயிலில் சாதாரண வகுப்பு, தெருவோரச் சாப்பாடு. மொத்தத்தில் வேலை வெட்டி இல்லாமல் ஜாலியாக ஊர் சுற்றும் ஒருவர்.

இந்தப் படம் பாதி உண்மைதான். ஒரே சொல் அமெரிக்காவில் ஒரு பொருளிலும், ஆசியாவில் இன்னொரு பொருளிலும், ஆஸ்திரேலியாவில் மூன்றாவது பொருளிலும் புழங்குகிறது. அந்த மூன்றாவது பொருளுக்குள் நம் ஊர் மூட்டைத் தொழிலாளி போன்ற ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். அவர் அங்கே எப்படி வந்தார், அந்தச் சொல் அவரை எப்படி மறைத்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பை, பிறகுதான் ஆள்

'பேக்பேக்' என்ற சொல் வருவதற்கு முன்பே முதுகுப் பைக்கு ஆங்கிலத்தில் பல பெயர்கள் இருந்தன. அவற்றில் முக்கியமான மூன்றும் ஜெர்மன் வழி வந்தவை. 'ரக்சாக்' என்பதில் உள்ள 'ரக்' தென் ஜெர்மன் வட்டார வழக்கில் முதுகைக் குறிக்கும். 'நாப்சாக்' என்பது கடித்துத் தின்னும் உணவை எடுத்துச் செல்லும் பை. நம் என்.சி.சி. மாணவர்களுக்கு நன்கு தெரிந்த 'ஹாவர்சாக்' என்பது குதிரைப் படையினர் குதிரைக்கு ஓட்ஸ் தானியம் கொண்டு சென்ற பை. அதாவது இந்தப் பைகள் சிப்பாய்க்கும் வேட்டைக்காரனுக்கும் உரியவை. பொழுதுபோக்குக்காக யாரும் அவற்றைச் சுமக்கவில்லை.

'பேக்பேக்' என்பது அமெரிக்கர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். 1952ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் பொருத்திய முதுகுப் பைகளைத் தன் வீட்டிலேயே செய்து விற்க ஆரம்பித்தார். இடுப்பில் ஒரு பட்டை கட்டியதால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கியது. படைவீரனும் சுமைகூலியும் மட்டுமே சுமந்த எடையைச் சாதாரண ஆளும் நாள் முழுக்கச் சுமக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

அமெரிக்காவில்: காட்டுக்குள் நடப்பவர்

எனவே அமெரிக்காவில் 'பேக்பேக்கர்' என்றால் இன்றும் முதலில் வரும் பொருள், கூடாரமும் உணவும் முதுகில் சுமந்துகொண்டு காட்டிலும் மலையிலும் பல நாட்கள் நடப்பவர் என்பதுதான். இதற்கு நல்ல உதாரணம் அப்பலாச்சியன் நடைபாதை. 1921ல் பென்டன் மக்காய் என்பவர் முன்வைத்த யோசனை இது. 1937ல் முழுமையடைந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெயின் மாநிலம் வரை 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் 1948ல் இதை ஒரே மூச்சில் நடந்து முடித்தார். போரின் நினைவுகளை நடந்து தீர்க்கவே அவர் கிளம்பினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1973ல் அமெரிக்காவில் 'பேக்பேக்கர்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. அது முழுக்க முழுக்க மலை நடைக்கான பத்திரிகை. ஒரு அமெரிக்கரிடம் "வாரக் கடைசியில் பேக்பேக்கிங் போகிறேன்" என்றால் "எந்த மலை?" என்று கேட்பார். அதையே ஒரு ஆஸ்திரேலியரிடம் சொன்னால் "எந்த நாடு?" என்று கேட்பார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு, அதே 1973ல் வெளிவந்த ஒரு சிறு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஐரோப்பாவில் ஒரு சிறிய நிறுத்தம்.

ஐரோப்பாவில்: ஒரு பள்ளி ஆசிரியரின் யோசனை

ஊர் சுற்றுபவருக்குப் பை மட்டும் போதாது, இரவில் படுக்க இடம் வேண்டும். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909ல் தன் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது கடும் இடி மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ராத் தங்க நேர்ந்தது. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளை இளைஞர்கள் தங்கும் இடமாக மாற்றினால் என்ன என்ற எண்ணம் அன்று உதித்தது. 1912ல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. 1932ல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேசக் கூட்டமைப்பே உருவாகிவிட்டது. ஒரே அறையில் பல படுக்கைகள், பொதுச் சமையலறை, குறைந்த வாடகை என்ற இன்றைய 'ஹாஸ்டல்' அமைப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆசியாவில்: இஸ்தான்புல் முதல் காத்மாண்டு வரை

1960களிலும் 70களிலும் மேற்கத்திய இளைஞர்கள் தரை வழியாகவே ஆசியாவுக்கு வந்தார்கள். இஸ்தான்புல், டெஹ்ரான், ஹெராத், காபூல், பெஷாவர், லாகூர், டெல்லி, காத்மாண்டு என்று போகும் பாதை அது. சிலர் கோவா பக்கம் திரும்பினார்கள். இஸ்தான்புல்லில் 'புட்டிங் ஷாப்' என்று பெயர் வாங்கிய உணவகத்தின் அறிவிப்புப் பலகையில், யாருடைய வண்டியில் இடம் இருக்கிறது, யார் யாரைத் தேடுகிறார்கள் என்று துண்டுச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தக் காலத்து இன்டர்நெட் என்றே சொல்லலாம்!

அப்போது இவர்களுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் 'ஹிப்பி'. எரிக் கோஹன் என்ற சமூகவியலாளர் 1970களின் தொடக்கத்தில் இவர்களை 'டிரிஃப்டர்' என்று, அதாவது நீரோட்டத்தில் மிதந்து போகிறவர் என்ற பொருளில் வகைப்படுத்தினார். இரண்டுமே பெருமைக்குரிய பெயர்கள் அல்ல.

1972ல் டோனி வீலர், மொரீன் வீலர் என்ற இளம் தம்பதி லண்டனிலிருந்து இதே பாதையில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தனர். சிட்னியில் கால் வைத்தபோது அவர்களிடம் மிச்சமிருந்தது 27 சென்ட். எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவானது என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்க, பதிலை ஒரு சிறு புத்தகமாக எழுதி 1973ல் தாங்களே வெளியிட்டனர். 'லோன்லி பிளானட்' என்ற பெரிய பதிப்பகம் பிறந்த கதை இது. வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். காசில்லாமல் ஊர் சுற்றுபவர்களும் ஒரு சந்தை என்பதை அந்தப் புத்தகம் காட்டிவிட்டது.

1979ல் ஈரான் புரட்சியும், அந்த ஆண்டின் கடைசியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் தரை வழிப் பாதையை மூடிவிட்டன. கூட்டம் தென்கிழக்கு ஆசியா பக்கம் நகர்ந்தது. 1980களில் பாங்காக்கின் காவ் சான் சாலையில் மலிவு விலை விடுதிகள் முளைத்தன. 'ஹிப்பி' என்ற பெயர் பழசாகிவிட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த சொல்தான் 'பேக்பேக்கர்'. போதைப்பொருள், சோம்பேறித்தனம் என்ற வாசனை எதுவும் இல்லாத, சுத்தமான சொல்.

ஆஸ்திரேலியாவில்: பையை விட்டுப் படுக்கைக்கு

இந்தச் சொல்லை அரசாங்க ஆவணங்களுக்குள் அழைத்துச் சென்ற நாடு ஆஸ்திரேலியா. 1990ல் பிலிப் பியர்ஸ் என்ற ஆய்வாளர், பேக்பேக்கர் யார் என்பதற்குச் சில அடையாளங்களைப் பட்டியலிட்டார். மலிவான தங்குமிடம், மற்ற பயணிகளோடு பழகும் விருப்பம், தானே திட்டமிடும் பயணம், நீண்ட விடுமுறை, எல்லாவற்றிலும் தானும் பங்கெடுக்கும் ஆர்வம் ஆகியவை அவை. பட்டியலில் பை இல்லை என்பதைக் கவனிக்கவும். 1995ல் ஆஸ்திரேலிய மத்திய அரசு, பேக்பேக்கர் சுற்றுலாவுக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

அந்நாட்டுச் சுற்றுலாப் புள்ளிவிவரங்களில் வரையறை இன்னும் எளிமையானது. ஹாஸ்டல் வகைத் தங்குமிடத்தில் ஓர் இரவாவது தங்கியவர் பேக்பேக்கர். அவ்வளவுதான்! பேச்சு வழக்கில் அந்தக் கட்டிடத்துக்கே 'பேக்பேக்கர்ஸ்' என்று பெயர் வந்துவிட்டது. "எங்கே தங்கியிருக்கிறாய்?" என்றால் "பேக்பேக்கர்ஸில்" என்பார்கள். பையின் பெயர் ஆளுக்கு வந்தது, ஆளின் பெயர் கட்டிடத்துக்குப் போனது.

இதற்கு நடுவில் இன்னொரு பொருளும் சத்தமில்லாமல் சேர்ந்தது. 1975ல் ஆஸ்திரேலியா 'வேலை செய்துகொண்டே விடுமுறை' என்ற விசாவைத் தொடங்கியது. சில நாடுகளின் இளைஞர்கள் ஒரு வருடம் ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் செய்யலாம். சட்டத்தில் இவர்களுடைய பெயர் 'வேலை விடுமுறையாளர்'. ஆனால் பத்திரிகைகளும் விவசாயிகளும் அரசியல்வாதிகளும் சொல்வது பேக்பேக்கர் என்றுதான். பெயரில் இருந்த 'வேலை' பேச்சில் காணாமல் போனது.

சில்டர்ஸ், 2000

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சில்டர்ஸ் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் கரும்பு, காய்கறி, பழத் தோட்டங்கள். ஊரின் நடுவே 1902ல் கட்டப்பட்ட பழைய ஹோட்டல் ஒன்று பேக்பேக்கர் விடுதியாக மாற்றப்பட்டிருந்தது. 2000 ஜூன் 23 அதிகாலை அந்த விடுதியில் ஒருவன் வைத்த தீயில் 15 பேர் இறந்தனர். தீ எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யும் நிலையில் இல்லை. இறந்தவர்கள் பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள். தீ வைத்தவனுக்கு 2002ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மலிவு விலைத் தங்குமிடங்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகளையும் குயின்ஸ்லாந்து கடுமையாக்கியது.

சில்டர்ஸில் கடலோ பெரிய சுற்றுலாத் தலமோ இல்லை. அப்படியானால் இத்தனை நாட்டு இளைஞர்கள் அங்கே ஏன் படுத்திருந்தார்கள்? காலையில் எழுந்து தோட்டத்தில் காய் பறிக்கப் போவதற்காக. அந்த விடுதி நடைமுறையில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு என்று பெயர் வைத்திருந்தால் ஓர் அறையில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று யாராவது முன்பே கேட்டிருக்கக் கூடும். 'பேக்பேக்கர்ஸ்' என்ற பெயர் இருந்ததால் நெரிசலும்கூட அனுபவத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

புதுப்பிக்கப்பட்ட அந்தக் கட்டிடத்தில் 2002ல் நினைவிடம் அமைந்தது. அங்கே 15 பேரையும் ஒன்றாக வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. ஓவியர் அவர்களைக் கடற்கரையில் நிறுத்தவில்லை, முதுகில் பையும் மாட்டவில்லை. வயலில் வேலைக்கு நடுவே இளைப்பாறுவதாக வரைந்திருக்கிறார். செய்திகளில் பயணிகளாக வந்தவர்கள் ஓவியத்தில்தான் தொழிலாளிகளாகத் தெரிகிறார்கள்.

வரிக் கணக்கு

2005ல் ஆஸ்திரேலியா ஒரு புதிய சலுகை கொடுத்தது. கிராமப்புறத்தில் மூன்று மாதம் அறுவடை வேலை செய்தால் இரண்டாவது வருட விசா கிடைக்கும். '88 நாள்' என்று பேக்பேக்கர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். அந்த நாட்களுக்குச் சான்று தர வேண்டியவர் முதலாளி. சான்று வேண்டுமே என்பதற்காகக் குறைந்த கூலியையும் மோசமான தங்குமிடத்தையும் பலர் பொறுத்துக்கொண்டனர்.

அடுத்து வந்தது 'பேக்பேக்கர் டாக்ஸ்'. 2015 பட்ஜெட்டில், இவர்கள் சம்பாதிக்கும் முதல் டாலரிலிருந்தே 32.5 சதவீதம் வரி என்று அறிவித்தார்கள். விவசாயிகளே எதிர்த்தார்கள், ஆள் வராமல் போய்விடுமே என்ற பயம். நீண்ட பேரத்துக்குப் பிறகு 2017 ஜனவரி 1 முதல் 15 சதவீதம் என்று முடிவானது.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரே உணவகத்தில் ஒரே வேலை செய்யும் இருவர் வருடத்துக்கு 20,000 டாலர் சம்பாதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டுகளின் விகிதப்படி ஆஸ்திரேலியருக்கு முதல் 18,200 டாலருக்கு வரி கிடையாது. மீதி 1,800 டாலருக்கு 19 சதவீதம். மற்றக் கழிவுகளைச் சேர்க்காமலேயே வரி 342 டாலர்தான். பேக்பேக்கருக்கு 20,000 டாலருக்கும் 15 சதவீதம், அதாவது 3,000 டாலர். முதலில் அறிவித்தபடி 32.5 சதவீதம் என்று இருந்திருந்தால் 6,500 டாலர்!

சிட்னியில் ஹோட்டல் பரிமாறுநராக வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் பெண் இந்த வரியை எதிர்த்து வழக்குப் போட்டார். 2021 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான்) அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் வரி விஷயத்தில் ஆஸ்திரேலியாவில் வசிப்பவராகவே கருதப்படுபவர். அப்படிப்பட்ட ஒருவரிடம், அதே வேலை செய்யும் ஆஸ்திரேலியரைவிட அதிக வரி வாங்குவது பிரிட்டனோடு செய்த வரி ஒப்பந்தத்துக்கு முரணானது என்பது தீர்ப்பின் சாரம். சொல்லின் பின்னால் நின்ற தொழிலாளியை நீதிமன்றம் பார்த்துவிட்டது.

பறிக்க ஆள் இல்லாத ஆண்டுகள்

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆஸ்திரேலியா எல்லைகளை மூடியது. தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று பிரதமர் ஸ்காட் மாரிசன் ஏப்ரலில் கூறினார். பலர் திரும்பினார்கள். புதிதாக யாரும் வர முடியவில்லை. அறுவடை நேரத்தில் பறிக்க ஆள் கிடைக்காமல் விவசாயிகள் திண்டாடினார்கள். 2021 டிசம்பரில் கதவு மீண்டும் திறந்தபோது முதலில் அழைக்கப்பட்டவர்களில் பேக்பேக்கர்களும் இருந்தார்கள். விருந்தாளி வரவில்லை என்றால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது, வேலையாள் வரவில்லை என்றால்தான் வேலை நிற்கும். அவர்கள் யார் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பழம் பறிப்பவர்களுக்குக் கூடை அல்லது எடைக் கணக்கில் மட்டுமே கூலி கொடுக்கும் வழக்கம் வெகு காலமாக இருந்தது. எவ்வளவு பறித்தாலும் மணிக்குக் குறைந்தபட்சக் கூலியாவது உறுதியாகக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 28 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

சொல்லுக்குப் பிறந்த குழந்தைகள்

இந்தச் சொல்லிலிருந்து வேறு சொற்களும் பிறந்துவிட்டன. லேப்டாப்பும் கிரெடிட் கார்டும் வைத்துக்கொண்டு சுற்றுபவர் 'ஃபிளாஷ்பேக்கர்'. தென்கிழக்கு ஆசிய நகரங்களின் நடைபாதையில் பாட்டுப் பாடியோ அட்டையில் எழுதி வைத்தோ பயணச் செலவுக்குக் காசு கேட்கும் வெள்ளைக்கார இளைஞர்களுக்கு 2010களில் விழுந்த பட்டப்பெயர் 'பெக்பேக்கர்', அதாவது பிச்சை கேட்கும் பேக்பேக்கர்.

தமிழிலும் இதே போன்ற பயணத்தைச் சொற்கள் செய்திருக்கின்றன. 'பரதேசி' என்றால் வேறு தேசத்தவர் என்றுதான் பொருள். இன்று அது வசைச்சொல். 'ஊர்சுற்றி' என்று பெற்றோர் சொன்னால் அது திட்டு. ஆனால் ராகுல சாங்கிருத்யாயனின் புத்தகம் தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற பெயரில் வந்தபோது அதே சொல் பெருமையானது. ஊர் ஊராகப் போகிறவனை ஒரு சமூகம் எப்படிப் பார்க்கிறதோ அப்படித்தான் அவனுக்கு வைக்கும் பெயரும் இருக்கும்.

இனி நம் முறை

இதெல்லாம் வேறு யாருடைய கதையோ அல்ல. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கும் இந்த விசாவுக்கான குலுக்கல் முறைப் பதிவு தொடங்கியது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள். இரண்டாம் வருடம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட சில வேலைகளை மாதக் கணக்கில் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை இதிலும் உண்டு. பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு மட்டும் 2024 ஜூலை முதல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது.

ஆகவே கல்லூரி முடித்துவிட்டு அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்க நினைப்பவர்கள், பையில் என்ன வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் வேலைக்கான கூலி மணிக்கு எவ்வளவு, அது சம்பளச் சீட்டில் எழுதித் தரப்படுமா, தங்கும் இடத்தில் வெளியேற எத்தனை வழி என்று கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே போய் இறங்கியதும் எல்லோரும் பேக்பேக்கர் என்றுதான் அழைப்பார்கள். அழைக்கட்டும். மூட்டை சுமப்பவருக்குக் கூலி உண்டு என்பது நம் ஊர் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.